ஓய்வுப் பணத்துக்கு முதல் கணக்கு

திருச்சிராப்பள்ளியின் பொருளாதாரத்தை மாதச் சம்பளம் கட்டி எழுப்பியது. 1928இல் தொடங்கிய பொன்மலை ரயில்வே பணிமனை, 1960களில் வந்த பெல் ஆலை, துப்பாக்கித் தொழிற்சாலை, இவற்றை ஒட்டித் துவாக்குடி வரை பரவிய சிறு ஆலைகள் என மூன்று தலைமுறைக் குடும்பங்கள் இவற்றை நம்பியே வாழ்ந்தன. அந்தச் சம்பளம் நின்றுபோகும் நாளில் பி.எஃப்., கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம் என்று பல லட்சம் ரூபாய் ஒரேயடியாக வங்கிக் கணக்கில் ஏறுகிறது. முப்பது ஆண்டுகளாக மாதாமாதம் வந்ததைப் பிரித்துச் செலவு செய்தவருக்கு, மொத்தத் தொகையை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கும் பழக்கம் கிடையாது. அந்தப் பழக்கமின்மையைத் தேடித்தான் ஏஜென்டுகள் வருகிறார்கள்.

அதன் விலையை இந்த நகரம் நேரில் கண்டிருக்கிறது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் நிறுவனத்தின் இடங்களில் 2023 நவம்பரில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. தங்க முதலீட்டுத் திட்டம் என்ற பெயரில் பொதுமக்களிடமிருந்து சுமார் 100 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாக அத்துறை தெரிவித்தது. இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் ‘பேராசை’ என்ற ஒரே சொல்லில் ஏமாந்தவர்களைத் தீர்த்துக்கட்டிவிடுகிறோம். அது நியாயமில்லை. முடிவெடுக்க வேண்டிய வேளையில் அவர்கள் முன்னால் இருந்தது விற்பவர் போட்டுக் காட்டிய கணக்கு மட்டுமே. சொந்தக் கணக்கு ஒன்று கையில் இருந்திருந்தால் பலர் தப்பியிருப்பார்கள்.

அந்தக் கணக்கைப் போடும் வசதி இன்று செலவில்லாமல் கிடைக்கிறது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் முதலீட்டாளர் இணையதளத்தில் நிதித் திட்டமிடலுக்கான கணிப்பான்கள் இருக்கின்றன. தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் அறக்கட்டளை ஓய்வூதியக் கணிப்பான் வைத்திருக்கிறது. வருமான வரித் துறையின் தளத்தில் வரியைக் கணக்கிடலாம். பணம் திரட்டும் நிறுவனம் அனுமதி பெற்றதா என்று பார்க்க ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளம் 2016 முதல் இயங்குகிறது. இவை எதற்கும் கட்டணம் இல்லை.

மாதம் 2 விழுக்காடு வட்டி தருகிறோம் என்று ஒருவர் சொன்னால், அதைக் கூட்டு வட்டிக் கணிப்பானில் இட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 24 விழுக்காடு என்று குறைத்து வைத்தாலும், ஒரு லட்சம் ரூபாய் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 74 லட்சம் ஆகிவிடும். அப்படிப்பட்ட லாபத்தை விடாமல் ஈட்டக்கூடிய தொழில் இருந்தால், அதன் உரிமையாளர் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு நம் பணத்தைக் கேட்க மாட்டார். இந்தக் கேள்வியை எழுப்ப அரை நிமிடக் கணக்கே போதும்.

ஆனால் கணிப்பான் தானாக உண்மை பேசுவதில்லை. நாம் இடும் அனுமானத்தைத்தான் அது பெருக்கித் தருகிறது. மாதம் 10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் எஸ்.ஐ.பி. கட்டினால், 12 விழுக்காடு வளர்ச்சி என்ற அனுமானத்தில் கிட்டத்தட்ட ஒரு கோடி கிடைக்கும் என்று திரை காட்டும். அதே இடத்தில் 8 விழுக்காடு என்று மாற்றினால் விடை 59 லட்சத்துச் சொச்சமாக இறங்குகிறது. ஒரே ஒரு எண்ணை மாற்றியதற்கு 40 லட்சம் வித்தியாசம். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், 20 ஆண்டு கழித்து வரும் அந்த ஒரு கோடிக்கு இன்றைய மதிப்பு சுமார் 31 லட்சம்தான். பல கணிப்பான்கள் பெரிய எண்ணை முதலில் காட்டி, விலைவாசியைக் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

ஓய்வுபெற்றவருக்கு விலைவாசிதான் முதல் எதிரி. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2023 ஏப்ரலில் அதன் உச்சவரம்பு 30 லட்சமாகவும் வட்டி 8.2 விழுக்காடாகவும் உயர்ந்தன. அந்த வட்டியில் முழுத் தொகையும் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 வரும். பாதுகாப்பான நல்ல திட்டம். ஆனால் ஐந்தாண்டுக் காலத்தில் இந்தத் தொகை ஒரு ரூபாய்கூட ஏறாது. 60 வயதில் மாதம் 40,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு, 6 விழுக்காடு விலைவாசியில் 72 வயதில் 80,000 ரூபாய் வேண்டும். 80 வயதில் 1,28,000.

இந்த இடத்தில்தான் திருச்சிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. 2004க்கு முன் பணியில் சேர்ந்து பொன்மலைப் பணிமனையில் ஓய்வுபெறுபவருக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அதன்மேல் ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படும் அகவிலைப்படி. 80 வயதானால் 20 விழுக்காடு கூடுதல். பி.எஃப். சட்டத்தின் கீழ் வரும் ஊழியரின் நிலை வேறு. உயர் ஓய்வூதியத்தைத் தேர்ந்தெடுக்காதவருக்கு 15,000 ரூபாய்ச் சம்பள வரம்பில்தான் கணக்கு. 35 ஆண்டு உழைத்தவருக்கும் அதிகபட்சம் மாதம் 7,500 ரூபாய் அளவில்தான் வரும், அகவிலைப்படி கிடையாது. இருவரும் ஒரே தெருவில் குடியிருக்கலாம், கையில் ஒரே அளவு தொகை இருக்கலாம். ஆனால் முதலாமவரின் வருமானம் விலைவாசியோடு சேர்ந்து ஏறும். இரண்டாமவர் தன் சேமிப்பையே ஏற வைத்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்று தானும் எல்லாவற்றையும் எஃப்.டி.யில் போடுவது அவருக்குப் பொருந்தாது. கணிப்பானுக்கு இந்த வேறுபாடு தெரியாது. எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அவரே.

ஸ்ரீரங்கத்தின் தேவை இன்னொரு வகை. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, அடுக்குமாடி வீடுகளில் தனியே வாழும் முதியவர்கள் இங்கே ஏராளம். மருத்துவச் செலவும், வீட்டோடு ஆள் வைத்துக்கொள்ளும் செலவும் பொதுவான கணிப்பான்களில் தனிவரியாக வருவது அரிது. நாமே சேர்க்க வேண்டும். கணவர் மட்டும் அறிந்த வைப்புத்தொகைகள் அவரோடு மறைந்துபோவதும் உண்டு. உரிமை கோரப்படாத வங்கி வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023இல் ‘உத்கம்’ என்ற தளத்தைத் தொடங்கியது. பெற்றோர் பெயரில் பிள்ளைகள் அங்கே தேடிப் பார்க்கலாம். அதைவிட நல்லது, கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, நாமினி பெயரோடு ஒரு பட்டியல் எழுதி வைப்பது.

இலவசம் என்பதாலேயே எல்லாக் கணிப்பான்களும் ஒன்றாகிவிடாது. விடை காட்டுமுன் கைபேசி எண்ணைக் கேட்கும் தளத்தின் நோக்கம் பெரும்பாலும் விற்பனை. மறுநாளே அழைப்பு வரும். கமிஷன் அடங்கிய மியூச்சுவல் ஃபண்டுக்கும் நேரடித் திட்டத்துக்கும் செலவு ஒரு விழுக்காடு வேறுபட்டால், 20 லட்சத்துக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் கைமாறுகிறது. ஆகவே ஒழுங்குமுறை அமைப்புகளின் தளங்களில் முதல் கணக்கைப் போடுவதே சரி. பெயர், எண், ஆதார் எதையும் தராமல், வயது, செலவு, சேமிப்பு ஆகிய மூன்றைக் கொண்டே அடிப்படை விடை கிடைத்துவிடும். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், செபியில் பதிவுபெற்ற ஆலோசகரிடம் கட்டணம் கொடுத்துக் கேட்கலாம். அப்போது கேட்க நமக்குக் கேள்விகள் இருக்கும்.

இதைத் தனிமனிதர் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது. ஆங்கிலச் சொற்கள் நிறைந்த திரையைப் பார்த்தே பின்வாங்கும் ஓய்வூதியர்கள் பலர். ஆலை நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும், ஓய்வுக்கு முந்திய ஆண்டிலேயே ஊழியரையும் மனைவி அல்லது கணவரையும் சேர்த்து உட்காரவைத்து, அவரவர் சொந்த எண்களைக் கொண்டு ஒருமுறையேனும் இந்தக் கணக்கைப் போடவைக்க வேண்டும். நூலகங்களும் இ-சேவை மையங்களும் அதற்கு இடம் தரலாம். ஒழுங்குமுறை அமைப்புகள் கணிப்பான்களை எளிய தமிழில், விலைவாசியைக் கட்டாயம் கேட்கும்படி அமைக்க வேண்டும். மோசடி நடந்தபின் புகார் மனுவோடு பொருளாதாரக் குற்றப்பிரிவின் வாசலில் நிற்கும் ஊழியருக்கு அரசு செய்யக்கூடியது குறைவு. பணம் கைக்கு வருமுன் செய்யக்கூடியது நிறைய, அதற்கு ஆகும் செலவோ மிகச் சிறிது.