எச்.ஐ.வி.யும் பக்கவாதமும்: கணக்கில் வராத அபாயம்

எச்.ஐ.வி. தொற்றுக்கு உள்ளானோரின் ஆயுளை நீட்டிப்பதில் உலக நாடுகள் கண்டுள்ள வெற்றி மறுக்க முடியாதது. ஐக்கிய நாடுகள் சபையின் எய்ட்ஸ் தடுப்பு அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2004ஆம் ஆண்டில் சுமார் 21 லட்சமாக இருந்த எய்ட்ஸ் மரணங்கள், 2024இல் சுமார் 6 லட்சத்து 30 ஆயிரமாகக் குறைந்தன. அந்த ஆண்டின் நிலவரப்படி, தொற்றுடன் வாழும் ஏறத்தாழ 4 கோடியே 8 லட்சம் பேரில் 3 கோடியே 16 லட்சம் பேர் மருந்து பெற்று வந்தனர்.

ஆனால், வைரஸிடமிருந்து மீட்கப்பட்ட இவர்களில் பலரை இப்போது இதய நோயும் பக்கவாதமும் அச்சுறுத்துகின்றன. தொற்று இல்லாதவர்களோடு ஒப்பிடுகையில், இவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய்கள் ஏற்படும் வாய்ப்பு சுமார் இரு மடங்கு என்று பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டறிந்தது.

மலாவி தரும் பாடம்

இதன் பரிமாணத்தை ஆப்பிரிக்க நாடான மலாவியில் தெளிவாகக் காணலாம். அந்நாட்டின் பிளான்டயர் நகரில் பக்கவாதத்துக்கு உள்ளானவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளியாயின. பக்கவாதங்களில் 46 சதவீதத்துக்கு உயர் இரத்த அழுத்தமும், 15 சதவீதத்துக்கு எச்.ஐ.வி.யும் காரணம் என அதில் கணக்கிடப்பட்டது. 45 வயதுக்கு மேற்படாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், எச்.ஐ.வி.யின் பங்கு 42 சதவீதமாக உயர்ந்தது.

அதாவது, முதுமையின் நோயாகக் கருதப்படும் பக்கவாதம், உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் வயதினரைத் தாக்குகிறது. இயன்முறை மருத்துவ வசதிகள் அரிதாக உள்ள ஒரு நாட்டில், இது ஒருவரை மட்டுமன்றி அவரை நம்பியிருக்கும் குடும்பத்தையும் முடக்கிவிடுகிறது.

இதற்கான காரணங்கள் பல. மருந்துகள் வைரஸைக் கட்டுப்படுத்திய பின்னரும் உடலில் மெல்லிய அழற்சி நீடித்து, இரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கிறது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு, காசநோய் போன்ற தொற்றுகள் மூளையின் இரத்தக்குழாய்களைத் தாக்குவதும் உண்டு. பழைய எச்.ஐ.வி. மருந்துகளில் சில, இரத்தத்தில் கொழுப்பின் அளவைக் கூட்டின. இவற்றோடு புகைப்பழக்கமும் இரத்த அழுத்தமும் சேரும்போது அபாயம் பன்மடங்காகிறது.

சிகிச்சை தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் பக்கவாத அபாயம் அதிகம் என்பதும் மலாவி ஆய்வில் தெரியவந்தது. எதிர்ப்பாற்றல் மீண்டும் விழித்தெழும்போது உண்டாகும் அழற்சி இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இதை வைத்து மருந்தே ஆபத்து என்று முடிவு செய்வது பெருந்தவறாகும். சிகிச்சையை இடையிடையே நிறுத்தியவர்களிடையே மரணங்களும் இதய, இரத்தக்குழாய் நோய்களும் அதிகரித்ததை, 2006இல் வெளியான சர்வதேச ஆய்வொன்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. எதிர்ப்பாற்றல் பெரிதும் சரிவதற்கு முன்னரே சிகிச்சையைத் தொடங்குவதும், தொடக்க மாதங்களில் கூர்ந்து கண்காணிப்பதுமே இதிலிருந்து பெறத்தக்க பாடம்.

நோய்வாரியாகப் பிரிந்த நிதி

தடுப்பதற்கான வழிகள் தெரியாதவை அல்ல. இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மாத்திரை ஒன்றைத் தினமும் உட்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரும் பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்ததாக அது தெரிவித்தது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பழைய மாத்திரைகளின் விலையோ மிகக் குறைவு.

இருப்பினும் அவை உரியவர்களைச் சென்றடையாததற்குக் காரணம், மருத்துவத்தைவிட நிதி ஏற்பாட்டிலேயே அதிகம் உள்ளது. 2002இல் உருவான உலகளாவிய நிதியமும், 2003இல் அமெரிக்கா அறிவித்த அவசரகாலத் திட்டமும் ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தன. ஆயினும் அவை குறிப்பிட்ட நோய்களுக்கென வகுக்கப்பட்டவை. எச்.ஐ.வி. மருந்து இலவசமாகக் கிடைத்த பலருக்கு, இரத்த அழுத்த மாத்திரையைச் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டிய நிலை ஏற்பட்டது. வைரஸின் அளவை எண்ணுவதற்குக் கிடைத்த நிதி, இரத்த அழுத்தத்தை அளப்பதற்கு அதே அளவில் கிடைக்கவில்லை.

2025 ஜனவரியில் அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது, எச்.ஐ.வி. சிகிச்சையே பல நாடுகளில் தடுமாறியது. நிதி சுருங்கும்போது, பக்கவாதத் தடுப்பு போன்ற 'கூடுதல்' பணிகளே முதலில் கைவிடப்படும் என்ற அச்சம் நியாயமானது.

ஆனால் அதைக் கூடுதல் பணி என்று எண்ணுவதே பிழை. மாத்திரை வாங்குவதற்காக மருத்துவமனைக்குத் தவறாமல் வரும் இத்தனை கோடிப் பேர், வேறெந்த நாட்பட்ட நோய்த் திட்டத்துக்கும் எளிதில் வாய்க்காத வாய்ப்பு. அந்த வருகையின்போதே இரத்த அழுத்தத்தையும் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே தேவை. அதைச் செய்யத் தவறினால், பெரும் பொருட்செலவில் காக்கப்பட்ட உயிர்களை, சிறு செலவில் தடுத்திருக்கக்கூடிய நோய்க்குப் பறிகொடுக்க நேரிடும்.