பி.டி. பீரியட் யாருடையது?

போன வாரம் ஒரு சாயங்காலம், தட்டாஞ்சாவடி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாவது படிக்கும் பேத்தி வந்தாள். பையை ஒரு மூலையில் போட்டுவிட்டு, "தாத்தா, இன்னைக்கும் பி.டி. பீரியட்ல கணக்கு மிஸ் வந்துட்டாங்க" என்றாள். அந்த "இன்னைக்கும்" என்ற சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடற்கல்வி ஒரு பாடம். அதற்கென்று படித்தவர்தான் அதை நடத்த வேண்டும். அந்த நேரத்தை வேறு பாடத்துக்கு எடுப்பது பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைப் பறிப்பது.

நம் ஊரில் பி.டி. வாத்தியார் என்றால் யார்? விசில் ஊதுபவர், பிரேயரில் வரிசை நிறுத்துபவர், தாமதமாக வருகிறவனை வாசலில் பிடிப்பவர். சுதந்திர தினம் வந்தால் கொடிக்கம்பம் நடுபவர். இதற்குப் படிப்பு எதற்கு என்று கேட்கிறார்கள்.

நூறு வருஷத்துக்கு முன்பே சென்னையில் ஒருவர் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். வாயால் அல்ல, ஒரு கல்லூரி கட்டி. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1884-இல் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. சார்பில் இங்கே வந்து, 1920-இல் சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில், அடையாற்றங்கரையில் இருப்பது அதுதான். உடற்கல்விக்கென்றே ஆசியாவில் தோன்றிய முதல் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். ஓட்டம், தாண்டுதல், கூடைப்பந்து, கைப்பந்து என்று எல்லாவற்றையும் எப்படி விளையாடுவது என்பதோடு, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதையும் கற்பிக்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்த மனிதர். ஆட்ட விதிகளைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டார்.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். பிரெஞ்சில் படித்து வளர்ந்தவனுக்குக் கொலோம்ப் மைதானத்தின் பெயரைக் கேட்டாலே ஓர் ஈர்ப்பு. அந்த மைதானத்துக்கு இந்தியத் தடகள அணியை மேலாளராகவும் பயிற்சியாளராகவும் அழைத்துப் போனவர் பக். பதக்கம் ஒன்றுகூட வரவில்லை. இன்றைக்கு என்றால் டி.வி.யில் உட்கார்ந்து அவரைக் கிழித்திருப்பார்கள். ஆனால் அந்த அணியில் தடை தாண்டும் ஓட்டத்துக்குப் போன சி.கே. லட்சுமணன், பின்னாளில் மத்திய அரசின் சுகாதாரப் பணிகளுக்குத் தலைமை இயக்குநர் ஆனார். ஓடினவன் படிக்க மாட்டான் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தபோது தலைவர் தோராப்ஜி டாட்டா, செயலாளர் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த நோரென். இந்த நாட்டில் ஒலிம்பிக் இயக்கம் வேர்விட்டதில் பக்குக்கும் பெரிய பங்கு உண்டு. 1943-இல் அவர் காலமானார். அவர் தொடங்கிய கல்லூரி நூறு வயதைத் தாண்டி நடக்கிறது.

குமாஸ்தாக் கணக்கு ஒன்று போடுகிறேன். ஓர் உடற்கல்வி ஆசிரியர் முப்பது வருஷம் வேலை பார்க்கிறார். வருஷத்துக்குப் புதிதாக நூறு பிள்ளைகள் என்றாலும் மூவாயிரம் உடம்புகள் அவர் கையில். அந்த ஒரு பணியிடம் காலியாகக் கிடந்தால் இழப்பு யாருக்கு?

"படிப்பு கெட்டுப்போகும்" என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களின் பக்கலோரியாத் தேர்வில் உடற்கல்விக்கும் இருபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் உண்டு. என் பள்ளி நாளில் வீட்டுக்கு வந்த மதிப்பெண் தாளில் ஜிம்னாஸ்திக்குக்கு எனக்கு ஏழு. கணக்கில் குறைந்தால் எப்படித் திட்டுவாரோ, அப்படியே திட்டினார் அப்பா. அதனால் பிரெஞ்சுக்காரர்கள் யாரும் தற்குறி ஆகிவிடவில்லை.

"உப்பளத்தில் இந்திரா காந்தி ஸ்டேடியம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, வேண்டியதுதான். ஆனால் தனக்கு ஓட வரும் என்று தெரிந்த பிள்ளைதான் அங்கே போகும். அதைத் தெரியவைப்பவர் பள்ளிக்கூடத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

சட்டத்தையும் விடுவதற்கில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று இருக்கிறது. ஆறு முதல் எட்டு வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பயிற்றுநர் வேண்டும் என்றும் இருக்கிறது. எப்படிப்பட்ட பயிற்றுநர்? பகுதி நேரம்! பிள்ளைக்கு உடம்பு மட்டும் பகுதி நேரமா?

ஊரைத் திட்டிவிட்டு என் கதையை மறைத்தால் அது நேர்மை இல்லை. சர்வீஸில் இருந்தபோது, எந்த இலாகா என்று சொல்லப்போவதில்லை, உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்கள் கேட்டு ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்தது. "நிதி நிலையைக் கருதிப் பின்னர் பரிசீலிக்கலாம்" என்று குறிப்பு எழுதியவன் நான்தான். அழகான கையெழுத்து என்று மேலதிகாரி பாராட்டினார். கோப்பு அலமாரிக்குப் போனது. நான் ஓய்வு பெறும்வரை அது திரும்பி வரவே இல்லை, நானும் தேடவில்லை. அன்று எனக்கு அது ஒரு காகிதம். இன்றுதான் அதில் என் பேத்தியின் முகம் தெரிகிறது.

பள்ளியில் பிள்ளை படிக்கும் வீட்டார் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு இரண்டே கேள்வி கேளுங்கள். பி.டி. பீரியடில் வகுப்புக்குள் வருவது யார்? இந்த மாதம் என்ன ஆட்டம் சொல்லிக்கொடுத்தீர்கள்?

நானும் போகிறேன். "அப்பா, அங்க வந்து சண்டை போடாதீங்க" என்கிறாள் மகள். சண்டை போட மாட்டேன். மனு கொடுப்பேன். ஊரார் மனுவுக்கெல்லாம் குறிப்பு எழுதிய கை இது, சொந்தமாக ஒரு மனு எழுதட்டுமே.