இறங்கினரா, இறக்கப்பட்டனரா?

நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே சொல்வது செய்தி என்பர் இதழ் நடத்துவோர். ஆனால், சொல்லத் தொடங்கும் முன்னரே, எவர்க்குச் சொல்கின்றோம் என்பதை அவர்தம் உள்ளம் முடிவுசெய்து விடுகின்றது. அம்முடிவு செய்தியின் வெளிப்படையான கருத்தில் தென்படாது. தலைப்பின் எழுவாயிலும் வினைச்சொல்லின் ஈற்றிலும் பதுங்கிக் கிடக்கும்.

தமிழ் நாளிதழ்களிலும் இணையச் செய்தித் தளங்களிலும் அடிக்கடி வரும் தலைப்பொன்று இவ்வாறு அமையும்: "கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளர் இருவர் விஷவாயு தாக்கிப் பலி." இதிலே தாக்கியது எது? வளி. வளியைச் சிறைப்பிடிக்க இயலுமா? நச்சுவளி என்று நல்ல தமிழில் எழுதிவிட்டால் மட்டும் இக்குற்றம் தீர்ந்துவிடாது. பலி என்பதோ படையல். படைத்தவன் எவன், எந்தத் தெய்வத்துக்கு என்று அவ்விதழ் சொல்வதில்லை.

இவற்றினும் கொடியது 'இறங்கிய' என்னும் சொல். இறங்குதல் தன்வினை, இறக்குதல் பிறவினை. ஙகர மெய் ககர மெய்யாகும் அவ்வளவே வேறுபாடு. அவ்வோர் எழுத்தில், கூலி பேசி அழைத்துவந்தவனும், மூடியைத் திறந்துவிட்டவனும், காப்புக் கருவி தராதவனும் மறைந்து போகின்றனர். இறந்தவன் தானே விரும்பிக் குளத்தில் குளிக்க இறங்கியவன் போல் ஆகிவிடுகின்றான்! 2013ஆம் ஆண்டுச் சட்டம் காப்பின்றி ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதைக் குற்றமாக்கி, இறக்கியவர்க்குச் சிறையும் விதித்துள்ளது. 1993 முதல் இவ்வாறு மாண்டோரின் குடும்பத்திற்கு 10 இலக்கம் உருபா தருமாறு 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அத்தொகையை 30 இலக்கமாக உயர்த்திற்று. சட்டம் பிறவினையில் பேசுகின்றது. செய்தி தன்வினையில் பேசுகின்றது.

ஏன் இவ்வாறு? அச்செய்தியை எழுதுவோர் தம் எதிரே தொட்டியுள்ள வீட்டுக்காரரை இருத்தி எழுதுகின்றனர். மாண்டவன் மனைவியை இருத்தி எழுதுவதில்லை.

ஆங்கிலச் செய்தியில் அமைச்சருக்கும் கூலியாளுக்கும் படர்க்கைச் சொல் ஒன்றே. தமிழிலோ 'ஆன்' என்பதா, 'ஆர்' என்பதா என்று மொழிபெயர்ப்பவர் தாமே முடிவுசெய்தாக வேண்டும். ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கினால் வந்த உயர்வுச் சொல்லேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியர் அன்றே தெளிவுறுத்தினார். அவ்வழக்கு இன்று எவரெவர்க்கு வழங்கப்படுகின்றது? கட்டட உரிமையாளர் "தெரிவித்தார்". கைப்பையைப் பறித்த இளைஞன் "ஓடினான்".

படிப்பவர் மாறின் நடையும் மாறும். 1878இல் 'இந்து' ஆங்கில இதழைத் தொடங்கியவருள் ஒருவரான சுப்பிரமணிய ஐயர், 1882இல் தமிழறிந்தார்க்கென 'சுதேசமித்திரனை'த் தொடங்கினார். அதன் வடசொல் மிகுந்த நடை கற்றோர் திண்ணையோடு நின்றது. 1942இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய 'தந்தி'யோ, எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் தேநீர்க்கடையில் பிறர் படிக்கக் கேட்பவரையும் கருதிச் சிறு சொற்றொடர்களால் எழுதிற்று.

இணையத்தில் படிப்பவர் ஆளாகவே கருதப்படுவதில்லை. தொடும் விரலாக எண்ணப்படுகின்றார். எத்தனை விரல் தொட்டன என்பதே வருவாய். ஆகவே, "தொட்டிக்குள் இறங்கிய இருவர்... அடுத்து நடந்த விபரீதம்!" என்று சாவும் விடுகதையாகின்றது. அச்சிதழ் மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும். இணையத்தில் இட்டதோ நீக்கப்படும்வரை நிற்கும்; மாண்டவன் மகன் எழுத்தறிந்தபின் அதைத் தேடிப் படிக்கவும் கூடும்.

முறைமன்றம் தீர்ப்புரைக்கும் முன்னர் ஒருவரைக் குற்றவாளியாக்கலாமா என்று ஆசிரியர் சிலர் வினவுவர். வேலைக்கு அமர்த்தியவர் இன்னார் என்பது தீர்ப்பன்று, நிகழ்ச்சி. மேலும், இத்துணை நடுவுநிலை பேணுவோரே, வழக்கு மன்றம் ஏறும் முன்னர்த் "திருடன் சிக்கினான்" என எழுதத் தயங்குவதில்லை. "வீட்டுரிமையாளர் தொட்டிக்குள் இறக்கிய தொழிலாளர் இருவர் நச்சுவளியால் மாண்டனர்" என்று எழுதுதற்கு இடமும் மிகுதியாக வேண்டுவதில்லை. முன்னைத் தலைப்பினும் இதிலே ஒரு சொல் குறைவு.