குதிரும் குதூகலமும்

உலகம் அழிந்து விட்டதாம். அணுகுண்டுகள் விழுந்து, ஊர்களெல்லாம் சாம்பலாகி, வெளியே தலை நீட்டவும் வழியில்லாமல் போய் விட்டதாம். இந்தச் சமாசாரத்தை நமக்குத் தெரிவித்தவன், பனமரத்துப்பட்டியில் ஒரு வீட்டுத் திண்ணையில் சாய்ந்தபடி முறுக்குத் தின்றுகொண்டிருந்த பத்து வயதுப் பையன்.

"ஆனால் நீங்கள் பயப்பட வேண்டாம், தாத்தா. நூற்றிருபது பேரைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்" என்று நமக்குத் தைரியமும் சொன்னான்.

காப்பாற்றி வைத்த இடம் அவனுடைய உள்ளங்கையில் இருந்தது. நாம் பார்க்கப் போயிருந்த நண்பர், அரளிப் பூக்கூடைகளைச் சேலத்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டு வரவேண்டியிருந்தது. அதுவரையில் பொழுது போகவேண்டுமே என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாமும் அந்தப் பாதாள லோகத்துக்குள் எட்டிப் பார்த்தோம்.

பெதஸ்தா என்னும் அமெரிக்கக் கம்பெனியார் 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட விளையாட்டு அது. பெயர் 'ஃபால்அவுட் ஷெல்டர்'. பூமிக்கு அடியில் அடுக்கடுக்காக அறைகள் கட்டி, அடைக்கலம் தேடி வருகிறவர்களைக் குடியேற்றி, அவர்களுக்கு வேலை கொடுத்துச் சோறும் தண்ணீரும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடுகிறவர்தான் அங்கே மேற்பார்வையாளர். சோடாப் பாட்டில் மூடிதான் நாணயம். இருநூறு பேருக்கு மேல் குடியேற்ற முடியாது. மூன்று மணி நேரத்தில் குழந்தை பிறந்து, இன்னும் மூன்று மணி நேரத்தில் வளர்ந்து பெரியவனாகி விடுகிறது. கல்லூரிக்குச் சம்பளம் கட்டி அலுத்துப்போன தகப்பனார்களுக்கு இந்த ஏற்பாட்டில் ஆசை பிறக்கலாம்.

பையனிடம் பாடம் கேட்க ஆரம்பித்தோம். மின்சாரம், உணவு, தண்ணீர் ஆகிய மூன்றும் முக்கியம் என்றான். உணவு குறைந்தால் ஜனங்களின் தேகபலம் குறையும். தண்ணீர் குறைந்தால் கதிரியக்கம் உடம்பில் ஏறும். மின்சாரம் குறைந்தால் எல்லா அறைகளும் ஒரே சமயத்தில் இருண்டு விடுவதில்லை. மின்சார அறைக்கு மிகவும் தூரத்தில் உள்ள அறை எதுவோ, அதுதான் முதலில் இருளும். ஆகையால் அவசரப்பட்டு அறைகளைக் கட்டிக்கொண்டே போகக் கூடாது. சோற்றுக்கு வழி செய்யாமல் ஆட்களைச் சேர்க்கவும் கூடாது. சில சம்சாரிகளுக்கு ஐம்பது வயதிலும் புரியாத உண்மையைப் பையன் முறுக்கைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டான்.

நாலாவதாக ஒன்று உண்டு, அதுதான் சந்தோஷம். ஒவ்வொருவருடைய சந்தோஷத்துக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண் இருக்கிறது. பலம், கூரிய பார்வை, தாங்கும் சக்தி, வசீகரம், புத்தி, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்று ஏழு குணங்கள் வகுத்திருக்கிறார்கள். பலசாலி மின்சார அறையிலும், சுறுசுறுப்பானவன் சமையல் அறையிலும், கூரிய பார்வை உள்ளவன் தண்ணீர் சுத்தம் செய்யும் இடத்திலும் இருந்தால் அவர்கள் முகம் மலர்கிறது. இடம் மாற்றிப் போட்டால் வாடுகிறது. வசீகரம் உள்ளவர்களை வானொலி நிலையத்தில் உட்கார வைத்தால், அவர்கள் பேச்சைக் கேட்டு எல்லாருக்குமே சந்தோஷம் ஏறுகிறது. யாராவது இறந்து போனால் மற்றவர்கள் துக்கப்படுகிறார்கள். 'சீக்கிரம், சீக்கிரம்' என்று விரட்டுவதற்கும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அது பலித்தால் லாபம், பலிக்காவிட்டால் அறையில் தீப்பிடிக்கும், அல்லது பெரிய கரப்பான் பூச்சிகள் படையெடுக்கும், சந்தோஷமும் இறங்கிவிடும். ஆபீஸ் மானேஜர்கள் இந்தப் பொத்தானைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

"சாமான் அறை எங்கே?" என்று கேட்டோம். நெல்லும் பருப்பும் எவ்வளவு இருப்பு வைத்திருக்கிறான் என்று பார்க்கத்தான்.

பையன் சிரித்தான். சாமான் அறையில் நெல்லும் இல்லை, பருப்பும் இல்லை. வெளியே அலைந்து திரிகிறவர்கள் கொண்டுவருகிற ஆயுதங்கள், உடைகள், தட்டுமுட்டுச் சாமான்கள் இவைகளுக்குத்தான் அந்த அறை. உணவும் தண்ணீரும் எவ்வளவு இருப்பு வைக்கலாம் என்பது, அவைகளை உண்டாக்குகிற அறைகள் எத்தனை என்பதைப் பொறுத்தது. அதாவது, உற்பத்தி செய்கிற இடமே அங்கே களஞ்சியம்.

சாமான் அறை நிரம்பிவிட்டால், மேலும் வைக்க இடமில்லை என்று அறிவிப்பு வருகிறது. பிறகு எதையாவது விற்க வேண்டும், அல்லது விட வேண்டும். புதிய ஆட்டக்காரர்கள் ஒன்றையும் கழிக்க மனம் வராமல் அறைக்குமேல் அறை கட்டுகிறார்கள். பழகினவர்கள் மட்டமானதை விற்று, நல்லதை எடுத்து ஆட்களுக்கு மாட்டி விடுகிறார்கள். உடுத்திய உடைதான் குணத்தைக் கூட்டுகிறது; அறையில் கிடக்கும் உடை ஒருவருக்கும் பலம் தருவதில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப்புடவையைப் பேரன் கல்யாணம் வரையில் பீரோவில் பூட்டி வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

பிறகு பையன் குரலைத் தாழ்த்தி, தொழில் ரகசியம் ஒன்று சொன்னான்: "சாமான் அறையையும் படுக்கை அறைகளையும் கோடியில்தான் கட்ட வேண்டும், தாத்தா. மின்சாரம் போனால் முதலில் அங்கேதான் இருட்டாகும். ஆனால் அவைகளுக்கு உற்பத்தி இல்லையே. இருட்டானால் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை."

விளையாட்டில் தேர்ந்தவர்கள் எல்லாரும் சொல்லும் யோசனைதான் அது. இருந்தாலும் அந்தக் கடைசி வாக்கியம் நம் மனத்தில் என்னவோ போல் தைத்தது.

* * *

நண்பர் வந்து சேர்ந்தார். அன்று பூ விலை சரியில்லை. மறுநாள் விலை ஏறும் என்று காத்திருக்க, பூ என்ன கேழ்வரகா? பறித்த அன்றே விற்றாக வேண்டும். பூவுக்குக் குதிர் கிடையாது.

குதிர் என்றதும் நமக்குப் பழைய ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் முன்னொரு காலத்தில் ஆள் உயரத்துக்குக் குதிர் ஒன்று நின்றதைப் பார்த்திருக்கிறோம். "அதெல்லாம் போயிற்று. நிலம் பூந்தோட்டமாகி விட்டது. அரிசி ரேஷன் கடையில் கிடைக்கிறது. வீட்டை இடித்துக் கட்டினபோது குதிருக்கு இடமில்லை" என்றார் நண்பர். "ஆத்தாவைப் பார்க்கிறீர்களா?" என்று பின்கட்டுக்கு அழைத்துச் சென்றார்.

ஆத்தா என்றது நண்பருடைய பாட்டியார். எண்பத்தைந்தைக் கடந்தவர். வீட்டின் கடைசி அறையில் அவருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். கட்டிலைச் சுற்றி அரிசி மூட்டை, காலிப் பூக்கூடைகள், பழுதான மிக்ஸி, பையன் சவாரி செய்து அலுத்த மூன்று சக்கர வண்டி. அது சாமான் அறைதான், சந்தேகம் இல்லை. விளக்கு எரியவில்லை. பல்பு போய் நாலு நாள் ஆயிற்று என்றார் ஆத்தா. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாம் கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார்.

நண்பர் கெட்டவர் அல்லர். வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, மாதம் ஒருமுறை டாக்டர் எல்லாம் சரியாக நடக்கின்றன. கணக்கில் ஒரு குறையும் இல்லை.

பையன் பின்னாலேயே வந்திருந்தான். பூமிக்குள்ளே ஜனங்கள் வசிக்கிற ஆட்டம் என்று ஆத்தாவுக்கு விளக்கினோம். "பூமிக்குள்ளே மனுசர் எதற்கு? நாங்கள் கேழ்வரகைத்தான் வைப்போம்" என்றார் அவர். உடனே குரலில் ஒரு தெளிவு வந்துவிட்டது. மேட்டு நிலமாகப் பார்த்துக் குழியெடுப்பது, சுற்றிலும் வைக்கோல் கொடுப்பது, வாயை மண்ணால் மூடுவது என்று வரிசையாகச் சொன்னார். ஒருமுறை மூடினால் பல வருஷம் ஆனாலும் தானியம் கெடாது. ஆனால் திறந்தவுடனே இறங்கக் கூடாது. நன்றாய்க் காற்றாட விட வேண்டும். பிறகு கயிற்றில் ஒரு விளக்கைக் கட்டி உள்ளே விட வேண்டும். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது.

"ஏன் ஆத்தா அணையும்?" என்றான் பையன்.

அதற்கு விஞ்ஞானம் பதில் சொல்கிறது. தானியமும் மூச்சு விடுகிறது. மூடிய குழியில் அது பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை நிரப்பி விடுகிறது. அந்த வாயுதான் பூச்சி புழுக்களைக் கொன்று தானியத்தைக் காப்பாற்றுகிறது. அவசரப்பட்டு இறங்குகிற மனிதனைக் கொல்வதும் அதே வாயுதான். தானியத்துக்கு உகந்த அறை மனிதனுக்கு உகந்தது அல்ல. இதைவிடப் பெரிய பாடம் அந்தப் பாதாள விளையாட்டில் இல்லை.

* * *

இந்தப் பாடத்தை மறந்து விளையாடிய மேற்பார்வையாளர்கள் சரித்திரத்தில் உண்டு. 1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில் சேலம் ஜில்லாவும் கடுமையாக அடிபட்டது. செலவைக் குறைப்பதற்கென்று அனுப்பப்பட்ட ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877-ல் கணக்குப் போட்டார். சென்னையின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், மண் சுமக்கிற மனிதன் இதைக்கொண்டு பிழைக்க முடியாது என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்களுக்குப் பிறகே படி உயர்ந்தது. அதே காலத்தில் இந்தியாவின் கோதுமை கப்பலேறிக்கொண்டிருந்தது. 1871-ஆம் வருஷத்து ஜனக்கணக்கையும் 1881-ஆம் வருஷத்துக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சேலம் ஜில்லாவில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் குறைந்திருப்பது தெரியும். தானியத்துக்குக் கணக்கு இருந்தது. உண்ண வேண்டியவர்களின் முகத்தைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? பனமரத்துப்பட்டி ஏரியையே பார்க்கலாம். சேலம் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுப்பதற்காக 1911-ல் அமைத்த ஏரி அது. நகரத்தின் தண்ணீர்க் குதிர் என்று சொல்ல வேண்டும். பிறகு மேட்டூரில் அணை எழுந்தது. காவேரித் தண்ணீர் சேலத்துக்கு வந்து சேர்ந்தது. இந்த ஏரியோ வறண்டு, பல வருஷங்கள் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. 'அதனால் இப்போது நமக்கு உற்பத்தி இல்லையே' என்று நகரம் நினைத்ததோ என்னவோ! கோடி அறைதான் முதலில் இருளும். ஆனால் ஏரி வறண்டால் சுற்றியுள்ள கிணறுகளும் வறளும் என்பதைப் பூந்தோட்டக்காரர்கள் அறிவார்கள்.

* * *

வீட்டை ஆளுகிறவர்கள் எல்லாருமே மேற்பார்வையாளர்கள்தாம். சாமான் அறையில் இருப்பது நிறைந்திருக்க வேண்டியது அவசியமே; வெறும் பானையின் முன்னே சந்தோஷத்தைப் பற்றிப் பேசுவது பரிகாசம். ஆனால் இருப்பு நிறைந்தவுடன் கடமை தீர்ந்தது என்று கணக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறோமே, அங்கேதான் தவறு. மனிதருக்குச் சோற்றோடு ஒரு வேலையும் வேண்டும்; தமக்குத் தெரிந்ததைக் கேட்பதற்கு ஓர் ஆளும் வேண்டும். ஐம்பது வருஷம் ஒரு குடும்பத்தின் தானியத்தைப் பூச்சி அரிக்காமல் காத்த கைகளுக்கு, நாம் மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்து விடுகிறோம். நேயர்கள் இன்றிரவு தங்கள் வீட்டுக் கடைசி அறையை ஒருமுறை எட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் முதலுக்குப் போதும்.

நண்பர் நம் முகத்தைப் பார்த்தாரோ, தாமே யோசித்தாரோ, கடைக்கு ஆள் அனுப்பிப் பல்பு வாங்கிவரச் சொன்னார். கட்டிலை முன்கட்டுக்கு மாற்றலாம் என்றும் சொன்னார். "எனக்கு இங்கேயே சரி, நீ உன் வேலையைப் பார்" என்று ஆத்தா மறுத்து விட்டார். முதியோர்கள் முதல் தடவையில் சம்மதிக்கிற வழக்கம் இல்லை. இரண்டாவது தடவை கேட்க வேண்டும் என்று நண்பரிடம் தனியே சொல்லி வைத்தோம்.

நாம் புறப்படும்போது பையன் ஆத்தாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தான். ஆத்தா போனைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு, அந்தப் பாதாளத்துக் குடிகளை விரலால் ஒவ்வொருவராகத் தொட்டு, "இவன் சாப்பிட்டானா, கண்ணு? இவள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"உணவுக் கோடு நிறைய இருக்கிறது, ஆத்தா" என்றான் பையன்.

"கோடு இருக்கட்டும். இவள் சாப்பிட்டாளா?"

பையன் பதில் சொல்லவில்லை. அதைப் பார்ப்பதற்கு எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தான்.