‘வில்லன்’ என்பவன் யார்?

படமாளிகைக்குச் செல்லும் சிறுவனும் ‘வில்லன்’ என்ற சொல்லை அறிவான். அடியாட்களை ஏவுபவன், கதாநாயகியைக் கடத்துபவன், இறுதியில் உதைபடுபவன். ஆனால், அச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் நாம் காண்பது கொடியவனை அல்ல. ஏர் பிடித்த உழவனை.

இலத்தீன் மொழியில் ‘வில்லா’ என்பது பண்ணை. பண்ணையில் உழைத்தவன் ‘வில்லானுஸ்’. 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நோர்மானியரின் பிரெஞ்சு மொழி வழியே இச்சொல் ஆங்கிலத்தை அடைந்தது. பிரபுவின் நிலத்தோடு பிணைக்கப்பட்டு, அவன் வயலில் கூலியின்றி உழைத்தவனுக்கு அது பெயர். காலப்போக்கில் அப்பெயரே கயவனைக் குறிப்பதாயிற்று. நற்குடிப் பிறப்பைக் குறித்த ‘ஜென்டில்’ என்ற சொல்லோ கனிவையும் பண்பையும் தனதாக்கிக் கொண்டது.

சொற்பொருள் மாறுவது மொழியின் இயற்கை என்று கூறி அமைதி காணும் அறிஞர்களை நாம் ஒன்று கேட்கிறோம். ‘நைட்’, ‘நேவ்’ ஆகிய இரு சொற்களும் பழைய ஆங்கிலத்தில் சிறுவன் என்றே பொருள்பட்டன. முன்னது குதிரையேறிப் போர் புரிந்தவனின் பெயராகி உயர்ந்தது. பின்னது ஏவல் செய்தவனின் பெயராகி, வஞ்சகன் என்ற இழிபொருளில் வீழ்ந்தது. ஒன்றை மேட்டிலும் மற்றதைப் பள்ளத்திலும் தள்ளியது எந்த இயற்கை?

ஆங்கிலப் பிரபுக்களை எள்ளி நகையாடுமுன் நம் முற்றத்தையும் பார்ப்போம். ஆங்கிலத்துக்குத் தமிழ் அளித்த கொடை என்று பெருமை பேசுவோர் கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுதண்ணியையும் எண்ணிக் காட்டுவர். ‘பரையா’ என்ற சொல்லை மட்டும் வாய்க்குள் விழுங்கிவிடுவர். பறையர் என்னும் மக்களின் பெயர், சமுதாயத்தால் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளோடு ஆங்கில அகராதியில் அமர்ந்திருக்கிறது. அந்த இழிவை வெள்ளையர் புதிதாகப் படைக்கவில்லை. நம் தெருக்களிலே கண்டு எடுத்துச் சென்றனர். அகராதியில் ஏறிய அக்கறை எவருடையது?

ஆயினும், உழைப்பவர் என்றும் வாளாவிருந்ததில்லை. 1381இல் இங்கிலாந்தின் உழவர் பண்ணை அடிமைத்தனத்தை ஒழிக்கக் கோரிக் கிளர்ந்தெழுந்தனர். 1768இல் இலண்டன் துறைமுக மாலுமிகள் கூலி உயர்வு கேட்டுக் கப்பற்பாய்களைக் கீழிறக்கினர். பாயிறக்குவதைக் குறித்த ‘ஸ்ட்ரைக்’ என்ற சொல், அன்று தொட்டு வேலைநிறுத்தத்தின் பெயராயிற்று. இது பிரபுக்கள் இட்ட பெயரன்று. பாய்க்கயிறு பிடித்த கைகள் தந்த பொருள்.

ஆகவே, வகுப்பறையில் சொல்லுக்குப் பொருள் உரைத்தால் மட்டும் போதாது. அப்பொருளை அதன் மீது சுமத்தியவர் யார் என்பதையும் உரைத்தல் வேண்டும்.