பரணில் கிடக்கும் ரயில் இன்ஜினை ஆக்கர் கடையில் போடாதீர்கள்



கொழும்பு, சிங்கப்பூர், வளைகுடா என்று நம் நெல்லைச் சீமைக்காரர்கள் பிழைக்கப் போன ஊர்களிலிருந்து வந்த பொம்மை ரயில்கள் சில வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. வீட்டை இடிக்கும்போது வெளியே வருகின்றன. சிலர் "ஓடலை" என்று எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். சிலர் கையில் கிடைத்த அடாப்டரை மாட்டி எரித்துவிடுகிறார்கள். இரண்டும் தவறு. இன்னதென்று தெரியாமல் பழுது பார்க்கக் கூடாது. பழுது பார்க்காமல் எறியவும் கூடாது.

முதலில் அடையாளம். நம் நிஜ இன்ஜின்களுக்குப் பெயரிலேயே விவரம் இருந்தது. ஒய் என்றால் மீட்டர்கேஜ், பி பயணிகள் வண்டி, ஜி சரக்கு. சக்கரத்தை எண்ணினாலும் தெரியும். முன்னால் 4 சின்னது, நடுவில் 6 பெரியது, பின்னால் 2 என்றால் ஒய்.பி.; 2, 8, 2 என்றால் ஒய்.ஜி.

பொம்மைக்கும் அப்படித்தான். ஸ்கேல் வைத்துத் தண்டவாள இடைவெளியை அளங்கள். 32 மி.மீ. என்றால் ஓ கேஜ். 16.5 என்றால் ஹெச்.ஓ. அல்லது ஓ.ஓ. 9 என்றால் என் கேஜ். பக்கத்தில் சாவித் துளை இருந்தால் அது சாவி கொடுத்து ஓடுவது; கரண்ட் வேண்டாம். பிறகு கவிழ்த்துப் பெயரைப் படியுங்கள். 1938-இல் வந்த ஹார்ன்பி டப்லோவும், 1950-களில் வந்த ட்ரை-ஆங்கும் 12 வோல்ட் டி.சி.; ஜெர்மனியின் மார்க்லின் பழைய இன்ஜின்கள் ஏ.சி. மார்க்லினுக்கும் பழைய டப்லோவுக்கும் மின்சாரம் எடுக்க நடுவிலும் ஒரு வழி உண்டு. அதனால் தண்டவாளத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். டி.சி. மோட்டாருக்கு ஏ.சி. கொடுத்தால் ஓடாது, உறுமிக்கொண்டே சூடாகும். உறை வெடித்த பழைய டிரான்ஸ்பார்மரை எக்காரணம் கொண்டும் 230 வோல்ட் பிளக்கில் செருக வேண்டாம். பிள்ளைகள் இருக்கிற வீடு.

அடுத்து பழுது. டி.சி. இன்ஜின் என்றால், மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டுத் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடையுங்கள். பல இன்ஜின்களுக்கு இதுவே போதும். ஓடாவிட்டால் 9 வோல்ட் பேட்டரியை நேராக மோட்டாரின் இரு முனைகளிலும் தொடுங்கள். சுற்றினால் மோட்டார் நலம்; கோளாறு சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தகட்டிலோ ஒயரிலோ இருக்கிறது. சுற்றாவிட்டால் காய்ந்த கிரீஸ், தேய்ந்த கார்பன் பிரஷ், கறுத்த கம்யூடேட்டர் மூன்றையும் பாருங்கள். அச்சுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழியில் உறையும். மோட்டாரின் நடுப்பாகத்தை உருவாதீர்கள். பழைய காந்தம் பலம் இழந்துவிடும். வார்ப்பு தானாக விரிசல் விட்டிருந்தால் அது உலோகத்திலேயே உள்ள நோய். அதை ஓட்ட முயலாமல் அலமாரியில் வையுங்கள்.

"இந்தக் காலத்தில் புதுசு வாங்கினால் போச்சு" என்பீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பலனைப் பார்த்து, அடுத்ததற்குப் போவது அறிவியலின் அரிச்சுவடி. ஓடாத இன்ஜின் அதைப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல் எந்தப் பாடப்புத்தகமும் தராது. ஊட்டி மலை ரயிலின் சுவிஸ் இன்ஜின்களைப் பொன்மலைப் பணிமனையில் காலம் காலமாகப் பழுது பார்த்தார்கள். அந்தக் கைகள்தான் பின்னால் அதே வகையில் புதிய நீராவி இன்ஜின்களையே செய்தன. பழுது பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் செய்யவும் வரும்.

நெல்லை–தென்காசிப் பாதை 2012-இல் அகலப்பாதை ஆகிவிட்டது. மீட்டர்கேஜ் இன்ஜினை நம் பேரப்பிள்ளைகள் இனி அந்தப் பாதையில் பார்க்கப் போவதில்லை. பரணில் இருப்பதையாவது கையில் கொடுங்கள்.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள். பெயரையும் சக்கரத்தையும் பார்த்து, தெரிந்ததைச் சொல்கிறேன். சுவிட்சை அதற்கு முன் போட்டுவிடாதீர்கள்.