நான்காவது விதியும் ஏழாவது விதியும்

சிறுவர் இசைப் போட்டிக்கான இந்த ஆண்டு விதித்தாள் வாட்ஸ்அப்பில் வந்தது. நடத்துகிறவர்கள் யார் என்று எழுதப் போவதில்லை; சான்டா கிளாராவில் பிள்ளைகளைப் பாட்டு கிளாஸுக்குக் கொண்டுவிடும் பெற்றோருக்குத் தெரியும். நான்காவது விதி: மின்னணு இசைக்கருவிகளுக்கு அனுமதி இல்லை. ஏழாவது விதி: சுருதிக்கு மொபைல் ஆப் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தான். நடுவில் காபி குடிக்க எழுந்து போயிருப்பார் போல.

அந்த ஆப் என்னவாம்? யாரோ ஒருவர் மீட்டிய தம்புராவைப் பதிவு செய்து, ஒரு சுற்றை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள். ஜமக்காளத்தில் கிடக்கும் போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். மந்தர ஸட்ஜம் முடிந்து பஞ்சமம் மறுபடி தொடங்கும் இடத்தில் தையல் தெரியும். இதற்குப் பெயர் சாம்ப்ளர். ஈ-மு என்ற கம்பெனி 1981-ல் ‘எமுலேட்டர்’ என்று விற்ற கருவியின் பேரன் அது. அந்த எமுலேட்டரில் 128 கிலோபைட் நினைவகம், சுமார் இரண்டு விநாடி ஒலி. தம்புராவின் ஒரு சுற்றுகூட அதில் அடங்காது. முதல் எமுலேட்டர் ஸ்டீவி வொண்டருக்குப் போனது. அந்த ஈ-மு தன் தொடக்க காலத்தில் கடை விரித்திருந்தது இதே சான்டா கிளாராவில். விதி எழுதியவர் தினமும் ஆபீஸுக்குப் போகிற வழியாகவும் இருக்கலாம்.

“கீபோர்டில் கமகம் வராது” என்பார்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. இங்கிருந்து அரை மணி கார் தூரத்தில், ஸ்டான்ஃபோர்டில், ஜான் சவ்னிங் 1967-ல் என்ன செய்துகொண்டிருந்தார்? கம்ப்யூட்டரில் ஒரு சுரத்தை அசைத்துக்கொண்டிருந்தார். அசைவின் வேகத்தையும் ஆழத்தையும் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் அசைவு காதுக்கு மறைந்து, சுரத்தின் நாதமே மாறி, மணிபோல ஒலித்தது. அந்த முறைக்கு ஸ்டான்ஃபோர்டிடமிருந்து உரிமம் வாங்கிய யமஹா, 1983-ல் அதை டிஎக்ஸ்7 என்ற கீபோர்டாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் வார்த்தையில் சொன்னால், கம்பிதம் முற்றிப் பிறந்த வாத்தியம். அதைப் பார்த்துத்தான் கமகம் தெரியாதது என்கிறோம்!

கணக்கும் சொல்கிறேன். பக்கத்து ஊர் சான் ஹொசேயில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நடத்திய டேவ் ஸ்மித் முன்னின்று உருவாக்கிய, மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி தரநிலை 1983-ல் வந்தது. அதில், கீபோர்டின் ஓரத்தில் சுரத்தை வளைக்கும் சக்கரத்துக்கு 16,384 படிகள். வழக்கமாக அது மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு ஸ்வரஸ்தான தூரத்துக்குப் பரவும். ஆக, ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 4,096 படிகள். இருபத்திரண்டு சுருதிக்காக நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்ட பரம்பரைக்கு இது போதாதா? மிடியில் ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்: சக்கரத்தைத் திருப்பினால் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரமும் சேர்ந்து வளையும். மூன்று சுரத்தை ஒன்றாக அழுத்தும் மேற்கத்தியருக்கு அது தலைவலி. ஒரு நேரத்தில் ஒரே சுரம் வாசிக்கிற நமக்கு என்ன வந்தது? இந்தக் கருவி யாருக்காவது பிசகில்லாமல் பொருந்துமென்றால் அது கர்நாடக இசைக்குத்தான்.

ஆர்மோனியத்துக்கு நடந்தது நினைவிருக்கிறதா? 1940-ல் அகில இந்திய வானொலி அதைத் தள்ளிவைத்தது. தடை தளர 1971 ஆயிற்று. முப்பத்தொரு ஆண்டு. அதற்கு முன்பே அங்கே மேற்கத்திய இசைப் பிரிவைக் கவனித்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் அந்தப் பெட்டியைக் கிழித்து எழுதியிருந்தார். நம் இசைக்கு எது ஆகாது என்று சொல்லும் வரிசையில் வெள்ளைக்காரரும் நின்றார், நாமும் தலையாட்டினோம். ஆர்மோனியத்தின் மேல் வைத்த குற்றமாவது உண்மை: துருத்தியை எப்படி அமுக்கினாலும் ரீடு வளையாது. வளைகிற கருவிக்கும் அதே தண்டனையா? வயலினும், ஸ்ரீநிவாஸின் மாண்டலினும், கத்ரியின் சாக்ஸபோனும் இந்த வாசலில் நின்றுதான் உள்ளே வந்தன. ஸ்ரீநிவாஸ் வாசித்தது மின்சார மாண்டலின். இன்று அவர் வந்தால் நான்காவது விதிப்படி சபாவுக்கு வெளியே உட்காரவேண்டியதுதான்.

மரபு என்று குரல் உயர்த்துகிறவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. 101 நெடுஞ்சாலையில் போகும்போது அவர்கள் காரில் ‘புன்னகை மன்னன்’ ஓடும். அது கம்ப்யூட்டர் இசைக்காகவே பேசப்பட்ட படம்.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு பதினோரு வயதுப் பெண். வலது கையால் கீபோர்டில் தோடியை வாசிக்கிறாள். இடது கை சக்கரத்தை விட்டு எடுப்பதில்லை. காந்தாரத்தில் விரல் ஓரிடத்தில் நிற்க, சுரம் மட்டும் தவழ்கிறது. இந்த வருஷம் அவளுக்குப் போட்டி இல்லை. அடுத்த வருஷம் அவள் கோடிங் கிளாஸுக்குப் போய்விடுவாள். இந்த விதி இருக்கும்வரை இந்த ஊரில் கர்நாடக இசைக்கு அடுத்த தலைமுறை கிடையாது.

நான்கை எடுங்கள், இல்லை, ஏழையும் சேர்த்து எடுத்துவிட்டுப் பிள்ளைகளை நிஜத் தம்புராவோடு வரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இங்கே ஒரு வீட்டில் தம்புரா இருக்கிறது. கராஜில், சைக்கிளுக்குப் பின்னால், சாரணி அறுந்து கிடக்கிறது.